எரியிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி? சத்திரம் பஸ் நிலையத்தில் ஓர் ஓட்டுக் கணக்கு!

சாயங்காலம் 6 மணி. சத்திரம் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை.

"துறையூர், துறையூர்!" என்று ஒரு கண்டக்டர் கூவுகிறார். "முசிறி!" என்கிறார் இன்னொருவர். ஸ்ரீரங்கம் போகும் 1ம் நம்பர் பஸ் வருமா, வராதா என்று ஒரு கூட்டம் மலைக்கோட்டைப் பக்கம் பார்த்தபடி நிற்கிறது.

அந்தக் கூட்டத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும். ஊர் நிலவரம் தெரிந்துவிடும். தக்காளி விலை தெரியும். தங்கம் விலை தெரியும். தேர்தலில் யார் ஜெயிப்பார் என்பதுகூடத் தெரியும்! (இது மட்டும் பல சமயம் தப்பாகப் போகும்.)

அங்கே இருவர் நிற்கிறார்கள். ஒருவர் என்.எஸ்.பி. ரோட்டில் நோட்டு, பேனா விற்கும் கடைக்காரர். மற்றவர் தில்லை நகரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் குமாஸ்தா. இருவருக்கும் வீடு ஸ்ரீரங்கம். தினமும் ஒரே பஸ்.

"தம்பி, உங்க ஓட்டு யாருக்கு?" என்று ஆரம்பித்தார் கடைக்காரர்.

"அந்த ரெண்டு பேருக்கும் இல்லண்ணே. மூணாவதா ஒருத்தர் நிப்பாருல்ல, அவருக்குத்தான்."

"அவரு ஜெயிக்கவா போறாரு? ஓட்டை ஏன் தம்பி காவிரியில கொட்டுறீங்க?"

"மத்த ரெண்டு பேரையும் எனக்குப் பிடிக்கலையேண்ணே!"

"எனக்கு மட்டும் பிடிச்சிருக்கா? எரியிற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? கொஞ்சமா சுடுறதைப் பார்த்து எடுத்துக்க வேண்டியதுதான்!"

பக்கத்தில் கூடை வைத்துப் பூக் கட்டிக் கொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தினார்.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன். விடியக்காலையில சாத்தார வீதி மார்க்கெட்டுல பூ வாங்குறேன். ராத்திரி ஆனா இவ குறைச்சுக் குடுத்துருவான்னு தெரிஞ்சுபோச்சுன்னா, சாயங்காலம் ஒருத்தரும் முழு விலை தர மாட்டாங்க. சரி, குறைக்கவே மாட்டேன்னு பிடிவாதமா இருந்தா? பூ வாடிப்போயிரும். மறுநாள் முதலுக்குக் காசு இருக்காது. தம்பி சொல்றதும் சரி, நீங்க சொல்றதும் சரி!"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. இருவரும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள்.

ஆனால், கேள்வி அப்படியே நிற்கிறது. ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்தே ஒருவருக்குப் போடும் ஓட்டு வீண்தானா? பிடிக்காத இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனமா?

விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். திருச்சியிலேயே இருக்கிறது!

4,335 ஓட்டு!

2009ம் ஆண்டு. திருச்சி பாராளுமன்றத் தேர்தல்.

அ.தி.மு.க. சார்பில் ப.குமார் நின்றார். தி.மு.க. கூட்டணியில் காங்கிரஸ் வேட்பாளர் சாருபாலா தொண்டைமான். திருச்சி மேயராக இருந்தவர். ஊரில் நன்கு தெரிந்த முகம்.

ஓட்டு எண்ணிக்கையில் கடைசி வரை இழுபறி. முடிவில் குமார் ஜெயித்தார். வித்தியாசம் வெறும் 4,335 ஓட்டு!

அதே தேர்தலில் மூன்றாவதாக வந்தது விஜயகாந்தின் தே.மு.தி.க. அதன் வேட்பாளர் வாங்கிய ஓட்டு 61 ஆயிரத்துக்கும் மேல். டெபாசிட் திரும்பக் கிடைக்கவில்லை.

கடைக்காரர் சொல்வது இதைத்தான். "61 ஆயிரம் பேரில் ஐயாயிரம் பேர் மனசை மாத்தியிருந்தா முடிவே மாறியிருக்கும். இரண்டில் எது பரவாயில்லை என்று யோசிக்காமல் விட்டால், வேறு யாரோ நமக்காக முடிவு செய்துவிடுவார்கள்!"

கணக்கு சரிதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது.

அந்த 61 ஆயிரம் பேர் காங்கிரசுக்குப் போட வேண்டிய ஓட்டைத்தான் மாற்றிப் போட்டார்கள் என்று யார் சொன்னது? அ.தி.மு.க.வுக்குப் போட வேண்டியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். மூன்றாவது கட்சி நிற்காவிட்டால் வீட்டிலேயே இருந்திருப்பவர்களும் உண்டு.

தோற்றவர் "என் ஓட்டைப் பிரித்துவிட்டார்கள்" என்று சொல்வது வழக்கம். அது எப்போது அவர் ஓட்டாக இருந்தது? ஓட்டு என்ன, பட்டா போட்டு வைத்த நிலமா?

இருந்தாலும் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இழுபறித் தொகுதியில் மூன்றாவது ஆளுக்குப் போடும் ஓட்டுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை என்ன என்று தெரியாமல் போடக் கூடாது.

பாலத்துக்கு அந்தப்பக்கம்!

இப்போது 1ம் நம்பர் பஸ்சில் ஏறி காவிரிப் பாலத்தைத் தாண்டுவோம். மாம்பழச்சாலை. அப்புறம் ஸ்ரீரங்கம்.

2015 பிப்ரவரி. ஸ்ரீரங்கம் சட்டசபை இடைத்தேர்தல். சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பரில் தண்டனை பெற்றதால் ஜெயலலிதா பதவி இழந்தார். அதனால் வந்த தேர்தல் இது. நாடே ஸ்ரீரங்கத்தைத் திரும்பிப் பார்த்தது. மந்திரிகள் வீதி வீதியாக முகாம் போட்டார்கள்.

முடிவு என்ன? அ.தி.மு.க. வேட்பாளர் வளர்மதி 96,516 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தி.மு.க.வுக்கு இரண்டாம் இடம். பாரதீய ஜனதாவுக்கு 5,015 ஓட்டு. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டுக்கு 1,552. தி.மு.க.வைத் தவிர, எதிர்த்து நின்ற மற்ற எல்லோருக்கும் டெபாசிட் காலி!

இங்கே மார்க்சிஸ்டுக்குப் போட்ட அந்த 1,552 பேர் என்ன செய்திருந்தால் முடிவு மாறியிருக்கும்? ஒன்றும் செய்திருக்க முடியாது. பாரதீய ஜனதாவுக்குப் போட்ட 5,015 பேரும் அப்படித்தான். எல்லோரும் சேர்ந்து இரண்டாவது ஆளுக்குப் போட்டிருந்தாலும் 96 ஆயிரம் வித்தியாசம் தேயுமா?

அப்படியானால் வீணானது எந்த ஓட்டு?

ஒரு பக்கம் ஜெயித்தவர் வீட்டில் மலைபோல் குவிந்த ஓட்டு. அதில் ஒன்று கூடினாலும் ஒன்று குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. இன்னொரு பக்கம் 1,552. அதில் நூறு கூடினால் அந்தக் கட்சிக்காரனுக்குத் தெரியும். நூறு குறைந்தாலும் தெரியும்.

ஆகவே, "ஜெயிக்கிற கட்சிக்குப் போடாத ஓட்டு வீண்" என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பாலத்துக்கு இந்தப்பக்கம் ஒரு தேர்தலில் ஒரு கணக்கு. அந்தப்பக்கம் இன்னொரு தேர்தலில் வேறு கணக்கு!

யார் மூன்றாவது?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூன்றாவது யார் என்பது ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் தெரியும்!

1973 மே மாதம் திண்டுக்கல் பாராளுமன்ற இடைத்தேர்தல் நடந்தது. அண்ணா தி.மு.க. ஆரம்பித்து ஏழே மாதம். ஆளும் கட்சி தி.மு.க. எதிரே காமராஜரின் பழைய காங்கிரஸ். டெல்லியில் இந்திரா காந்தியின் காங்கிரஸ். இத்தனை பெரிய கட்சிகளுக்கு நடுவில் புதுக்கட்சிக்குப் போடுவது வீண் என்று சொல்ல ஆள் இல்லாமலா இருந்திருக்கும்?

எம்.ஜி.ஆர். நிறுத்திய மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் அபார வெற்றி பெற்றார். இரண்டாவது பழைய காங்கிரஸ். ஆளும் தி.மு.க.வுக்கு மூன்றாவது இடம்! நான்கு வருஷத்தில், 1977ல், எம்.ஜி.ஆர். முதல்-அமைச்சர்.

திண்டுக்கல்லில் எல்லோரும் "ஓட்டு வீணாகிவிடுமே" என்று பயந்திருந்தால், இன்று பெரிய கட்சி என்று சொல்லும் இரண்டில் ஒன்று இருந்திருக்கவே இருந்திருக்காது.

2021ல் கோவை தெற்குத் தொகுதி. மும்முனைப் போட்டி. பாரதீய ஜனதாவின் வானதி சீனிவாசன், மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன், தி.மு.க. கூட்டணியில் காங்கிரசின் மயூரா ஜெயக்குமார். வானதி 1,728 ஓட்டில் ஜெயித்தார். கமல் இரண்டாவது. பெரிய கூட்டணியின் வேட்பாளர் மூன்றாவது!

பாரதீய ஜனதா வரக்கூடாது என்று நினைத்து, "கமல் எங்கே ஜெயிக்கப் போகிறார், காங்கிரசுக்கே போடுவோம்" என்று போட்டவர்கள் அங்கே இருந்திருந்தால், அவர்கள் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. மூன்றாவது ஆள் என்று யாரை ஒதுக்கினார்களோ, அவரே ஜெயிக்கும் இடத்துக்கு அருகில் இருந்தார்.

திருச்சியிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2009ல் 4,335 ஓட்டில் தோற்ற அதே சாருபாலா தொண்டைமான், 2019 பாராளுமன்றத் தேர்தலில் மறுபடி திருச்சியில் நின்றார். இந்த முறை பெரிய கூட்டணியில் அல்ல. டி.டி.வி.தினகரனின் அ.ம.மு.க. வேட்பாளராக! ஏறக்குறைய ஒரு லட்சம் ஓட்டு வாங்கி மூன்றாவது இடத்துக்கு வந்தார். 2009ல் மூன்றாவதாக நின்ற தே.மு.தி.க.வோ, 2019ல் அ.தி.மு.க. கூட்டணியில் சேர்ந்து இரண்டாவது!

வண்டி ஓடத்தில் ஏறும், ஓடம் வண்டியில் ஏறும் என்பார்களே, அது இதுதான்.

பயம் பொய்யில்லை!

இதனால் கடைக்காரர் சொல்வது முழுக்கத் தப்பு என்று ஆகிவிடாது. அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

நம் தேர்தல் முறையில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மற்றவரை விட ஓர் ஓட்டு கூட வாங்கினால் போதும். நூறு பேரில் முப்பது பேர் ஆதரித்தாலே நாற்காலி கிடைத்துவிடும், மீதி எழுபது பேர் நாலாகப் பிரிந்துவிட்டால்!

1989 ஜனவரியில் அதுதான் நடந்தது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டாக உடைந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல் சின்னம். ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. மூப்பனார் தலைமையில் காங்கிரஸ் தனியாக நின்றது. நான்குமுனைப் போட்டி.

தி.மு.க. வாங்கியது சுமார் 33 சதவீத ஓட்டு. பிடித்ததோ 150 இடம்! ஜெயலலிதா அணிக்கு 27. காங்கிரசுக்கு 26. ஜானகி அணிக்கு 2.

அந்தத் தேர்தலில் திருச்சி மாவட்டம் மருங்காபுரியிலும், மதுரை கிழக்கிலும் மட்டும் ஓட்டுப்பதிவு தள்ளிப்போனது. மார்ச் மாதம் நடந்தபோது அணிகள் ஒன்று சேர்ந்திருந்தன. இரட்டை இலை திரும்பக் கிடைத்திருந்தது. இரண்டு தொகுதியிலும் அ.தி.மு.க. ஜெயித்தது! இரண்டே மாதத்தில் எவ்வளவு மாற்றம்! பிரிந்து கிடந்தபோது போன ஓட்டு, சேர்ந்தபோது வந்தது.

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. 2000ம் ஆண்டு ஜனாதிபதி தேர்தல். புளோரிடா மாநிலத்தில் ஜார்ஜ் புஷ் 537 ஓட்டில் அல் கோரை ஜெயித்தார். அந்த 537தான் வெள்ளை மாளிகைக்குச் சாவி. மூன்றாவதாக நின்ற ரால்ப் நாடர் அதே மாநிலத்தில் வாங்கியது 97 ஆயிரத்துக்கும் மேல்!

நாடர் நல்லவர்தான். வாங்குகிறவர்கள் ஏமாறக் கூடாது என்று கார் கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றவர். ஆனால் ஜனாதிபதியானது புஷ். 2003ல் ஈராக் மீது படையெடுத்தது அவருடைய சர்க்கார். "நாடருக்குப் போட்டது தப்பா?" என்ற சண்டை அமெரிக்காவில் வருஷக்கணக்கில் நடந்தது.

ஆகவே, இரண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இருவருக்கும் உள்ள வித்தியாசம் சிலரைப் பாதிக்காது. சிலரை நேராகப் பாதிக்கும்.

பூக்கார அம்மாளையே எடுத்துக்கொள்வோம். சத்திரம் பஸ் நிலையம் இடிக்கப்பட்டு, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. 2021 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள். இப்படி ஒரு வேலை நடந்தால் நடைபாதையில் கூடை வைத்தவர்கள் எங்கே போவார்கள்? 2014ம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுத்து அடையாள அட்டை தர வேண்டும், வியாபாரிகளையும் வைத்துக் கமிட்டி அமைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதை மதிக்கிற கவுன்சிலர் வருகிறாரா, மதிக்காதவர் வருகிறாரா என்பது அவருக்கு அரசியல் பேச்சு அல்ல. ராத்திரி அடுப்பு எரியுமா என்ற விஷயம்!

"ரெண்டுமே கொள்ளிதான்" என்று சொல்ல வசதியுள்ளவரால் முடியும். கையில் சூடு படுகிறவருக்கு ஒரு கொள்ளிக்கும் மறு கொள்ளிக்கும் வித்தியாசம் தெரியும்.

ஓட்டு வாங்கிய பிறகு?

மூன்றாவது கட்சிகளிடமும் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது.

1996ல் வைகோவின் ம.தி.மு.க. இரண்டு பெரிய கட்சிகளையும் எதிர்த்து நின்றது. லட்சக்கணக்கானோர் ஓட்டுப் போட்டார்கள். ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. விளாத்திகுளத்தில் வைகோவே 634 ஓட்டில் தோற்றார். அதன் பிறகு அந்தக் கட்சி பெரிய கட்சிகளின் கூட்டணிக்குப் போனது. 2024ல் துரை வைகோ திருச்சி எம்.பி. ஆனது தி.மு.க. கூட்டணியில்தான்.

2006ல் தே.மு.தி.க. தனியாக நின்றது. 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. ஜெயித்தது விருத்தாசலத்தில் விஜயகாந்த் ஒருவர்தான். 2011ல் அ.தி.மு.க.வோடு சேர்ந்தது. 29 இடம்! விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர். 2016ல் மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து நின்றபோது பூஜ்யம். உளுந்தூர்ப்பேட்டையில் அவரே மூன்றாவது இடத்துக்குப் போனார்.

அந்த 2016 தேர்தலில் அ.தி.மு.க.வுக்கும் தி.மு.க. அணிக்கும் ஓட்டு இடைவெளி ஏறக்குறைய 1 சதவீதம்தான். மூன்றாவது அணிக் கட்சிகள் வாங்கியதோ ஏறக்குறைய 6 சதவீதம். காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். ஒரு டவுன் பஸ் கூட்டம்! மூன்றாவது அணி ஆளும் ஜெயிக்கும் தூரத்துக்கு வர முடியும் என்பதற்கு அந்த 87 சாட்சி.

ஆனால் அடுத்து என்ன நடந்தது? 2019க்குள் ம.தி.மு.க., விடுதலைச் சிறுத்தைகள், இரண்டு கம்யூனிஸ்டுகள் எல்லாம் தி.மு.க. அணிக்குப் போய்விட்டன. தே.மு.தி.க. அ.தி.மு.க. அணிக்குப் போனது.

கட்சிகளுக்கு அதில் நியாயம் இருக்கலாம். உள்ளே இருந்தால் நாலு இடம் கிடைக்கும், சட்டசபையில் பேச முடியும் என்பார்கள். ஆனால் ஓட்டுப் போட்டவன் கதி? இரண்டும் வேண்டாம் என்று போட்ட ஓட்டு, மூன்று வருஷத்தில் அதே இரண்டில் ஒரு வீட்டு வாசலில் சீர்வரிசையாகப் போய் இறங்கியது!

இதிலும் ஒரு பாடம் உண்டு. மூன்றாவது ஓட்டு காற்றில் கரைவதில்லை. யாரோ ஒருவர் அதை எண்ணி, விலை பேசி, இடமாக மாற்றிக்கொள்கிறார்கள். 2006ல் அந்த 8 சதவீதம் இல்லாவிட்டால் 2011ல் பேரம் பேச விஜயகாந்தைக் கூப்பிட்டிருப்பார்களா?

நாம் தமிழர் கட்சி வேறு வழியில் போனது. கூட்டணி இல்லாமல் நின்று, 2021ல் 6 சதவீதத்துக்கு மேல், 2024 பாராளுமன்றத் தேர்தலில் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. ஓர் இடம்கூட இல்லை. ஆனால் 8 சதவீதம் தாண்டினால் மாநிலக் கட்சி அங்கீகாரம் உண்டு. அது கிடைத்தது. நிரந்தரச் சின்னம் என்ற உரிமையும் கூடவே வந்தது. 2024ல் விவசாயி சின்னம் வேறு கட்சிக்குப் போனதால், மைக் சின்னத்தை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விளக்கம் சொன்ன கட்சிக்காரர்களைக் கேட்டால் தெரியும், அந்த உரிமையின் அருமை.

அந்தக் கட்சியைப் பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்பது வேறு விஷயம். "வீண்" என்று சொன்ன ஓட்டு எங்கே போய் நின்றது என்பதுதான் இங்கே கேள்வி.

நோட்டா உதவுமா?

"எதுக்குச் சிக்கல்? நோட்டாவுல ஒரு குத்துக் குத்திட்டு வந்துரலாம்" என்பவர்கள் உண்டு.

2013 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பால் வந்தது இந்தப் பொத்தான். கோபத்தைக் காட்ட உதவும். ஆனால் தொகுதியில் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், சட்டசபை, பாராளுமன்றத் தேர்தலில் அடுத்த இடத்தில் உள்ள வேட்பாளர்தான் ஜெயித்தவர்!

நோட்டா ஓட்டைக் காட்டி யாரும் கட்சி வளர்க்க முடியாது. யாரும் அதைக் கேட்டு மறுநாள் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். மூன்றாவது வேட்பாளராவது, "இந்த வார்டில் எனக்கு 200 ஓட்டு விழுந்தது" என்று எண்ணிப் பார்ப்பார்.

எம்.எல்.ஏ.வுக்கு ஒரு நியாயம்!

உண்மையில் கடைக்காரர் மீதும் தப்பில்லை. குமாஸ்தா மீதும் தப்பில்லை. இருவரையும் இப்படிச் சண்டை போட வைப்பது அந்த ஒற்றைப் பொத்தான்தான்!

ஜனாதிபதி தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள்? 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார்கள். ராஜ்யசபை தேர்தலிலும் அப்படித்தான். 1986ல் தமிழக மேலவை கலைக்கப்படும் வரை பட்டதாரிகளும் ஆசிரியர்களும் தங்கள் தொகுதியில் அப்படித்தான் போட்டார்கள். ரிடையர் ஆன வாத்தியார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

"முதல் விருப்பம் இவர். இவர் தேறாவிட்டால் அவர்." இப்படி எழுத எம்.எல்.ஏ.வுக்கு உரிமை உண்டு. அந்த எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும் சாமானியனுக்குக் கிடையாது! அவனுக்கு ஒரே ஒரு குத்து.

பக்கத்து நாட்டைப் பார்த்தாலே போதும். திருச்சியிலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கே ஜனாதிபதி தேர்தலில் சாதாரண ஜனங்களே 1, 2, 3 போடலாம்.

அனுர குமார திசாநாயக்க 2019 ஜனாதிபதி தேர்தலில் வாங்கியது சுமார் 3 சதவீதம்தான். "வீண் ஓட்டு" என்றால் அதைவிடவா? ஐந்தே வருஷம். 2024 செப்டம்பரில் அவர் 42 சதவீதம் வாங்கி முதலிடம். பாதியைத் தாண்டாததால், இலங்கை வரலாற்றிலேயே முதல் தடவையாக இரண்டாவது விருப்ப ஓட்டையும் எண்ணினார்கள். அதன் பிறகுதான் ஜனாதிபதி என்று அறிவித்தார்கள்.

இந்த முறை வந்தால் என்ன ஆகும்? குமாஸ்தா தனக்குப் பிடித்தவருக்கு 1 போடுவார். கடைக்காரர் சொல்லும் "பரவாயில்லாத கொள்ளி"க்கு 2 போடுவார். மனசாட்சிக்கும் மரியாதை. பயத்துக்கும் மருந்து. பஸ்சில் சண்டை இருக்காது!

பெரிய கட்சிகள் இதைக் கொண்டு வருமா? "எங்களை விட்டால் அவன் வந்துவிடுவான்" என்று பயம் காட்டியே ஓட்டு வாங்கிப் பழகியவர்கள், அந்தப் பயத்தைத் தாங்களே எடுத்து எறிவார்களா? கேட்டால்தான் நடக்கும். கேட்க வேண்டியவர்கள் ஜனங்கள்தான்.

அதுவரை என்ன செய்வது?

அதுவரை ஒற்றைப் பொத்தான்தான். அதை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது ஒன்று உண்டு. கட்சியைப் பார்ப்பதற்கு முன் தொகுதியைப் பார்க்க வேண்டும்.

சொந்தத் தொகுதியில் கடந்த இரண்டு தேர்தலில் வித்தியாசம் எவ்வளவு? 96 ஆயிரமா, 4 ஆயிரமா? குமாஸ்தாவுக்கு இது தெரியாத கணக்கில்லை.

வித்தியாசம் மலைபோல் இருந்தால், பயந்து போடத் தேவையில்லை. மனசுக்குப் பிடித்த மூன்றாவது ஆளுக்குத் தாராளமாகப் போடலாம். ஒரு காசு நஷ்டமில்லை. அந்த ஓட்டுதான் பெரிய கட்சிக்காரன் காதில் விழும் மணி.

வித்தியாசம் நூலிழையாக இருந்தால் யோசிக்கத்தான் வேண்டும். இருவரில் ஒருவர் வந்தால் நிஜமாகவே யாருக்காவது வயிற்றில் அடி விழுமா? அப்படியானால் அடி குறைவான பக்கம் போடுவதில் வெட்கம் இல்லை. அது கோழைத்தனமும் அல்ல. ஆனால் அப்படிப் போட்டவர் மறுநாளே கைகட்டி உட்காரக் கூடாது. "உன்னைப் பிடித்துப் போடவில்லை, அவனுக்குப் பயந்து போட்டேன்" என்று ஜெயித்தவரிடம் ஐந்து வருஷமும் ஞாபகப்படுத்த வேண்டும்.

இருவரில் யார் வந்தாலும் ஒன்றுதான் என்று நிஜமாகவே தோன்றினால், இழுபறித் தொகுதியிலும் மூன்றாவது ஆளுக்குப் போடலாம். ஆனால் அந்த மூன்றாவது ஆள், தேர்தல் முடிந்த மறுநாள் இதே ஊரில் இருப்பாரா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

மாநகராட்சித் தேர்தல் வந்தால் இதைவிடச் சுலபம். 2022ல் திருச்சி மாநகராட்சியில் 65 வார்டு. தி.மு.க. அணி அள்ளிக்கொண்டு போனது. அ.தி.மு.க.வுக்கே 3 வார்டுதான். அந்த அலையிலும் அ.ம.மு.க. ஒரு வார்டைப் பிடித்தது! வார்டு சின்னது. ஆளை முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். குழாயில் தண்ணீர் வராதபோது யார் வந்து நின்றார் என்பது தெருவுக்கே தெரியும். மூன்றாவது கட்சி முதலில் வேர் விட வேண்டிய இடம் அதுதான்.

எப்படிப் போட்டாலும் ஒன்று. பக்கத்தில் நிற்கிறவர் ஓட்டை "வீண்" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வீணான ஓட்டு ஒன்றே ஒன்றுதான். யோசிக்காமல் போட்டது!

மறுநாள் சாயங்காலம். சத்திரம் பஸ் நிலையத்தில் அதே கூட்டம். கடைக்காரரும் குமாஸ்தாவும் அதே இடத்தில்.

"என்ன தம்பி, இன்னமும் அந்த மூணாவது ஆள்தானா?"

"போன தேர்தல் வித்தியாசம் எவ்வளவுன்னு பார்த்துட்டுச் சொல்றேண்ணே!"

பூக்கார அம்மாள் சிரித்தார். கூடையில் இன்னும் ஐந்தாறு முழம் மல்லிகை மிச்சம் இருந்தது. ஒரு பெண் வந்து விலையைக் குறைத்துக் கேட்டாள். அம்மாள் வானத்தைப் பார்த்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது.

"அந்த விலைக்கு வராது தாயி" என்றார்.